சபையைக் காப்பது சபையின் பிழையைக் காப்பதன்று

(உள்ளூராட்சி உறுப்பினர்களும் பாடசாலை அதிபர்களும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றிலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம்)





சில வாரங்களுக்கு முன் சந்தை வாசலிலே ஒரு பெரியவர் எம்மை வழிமறித்தார். “தம்பி, மேடையிலை ஏறினால் சனத்துக்காகப் பேசுறியள். கோட்டுக்குப் போனால் சனத்துக்கு எதிராகச் சபையின்ரை பக்கம் நிக்கிறியள். இதிலை எது உண்மை?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்து மழுப்பிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவராகவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

இக்கேள்விக்கு இன்று விடை காண்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் எமது சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடைபெறவில்லை. அதனை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் வாக்களித்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி, உத்தியோகத்தரின் கையொப்பத்திலே நடந்த சபைகள் மீண்டும் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. வந்த அதிகாரத்தோடு வழக்குகளும் வரும். அந்த வழக்குகளிலே சபை எவ்வாறு நிற்கப் போகிறது என்பதே எமது பேச்சின் பொருள்.

சபை என்பது யார்?

முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிவாக்கிக்கொள்வோம். சபை வேறு, தவிசாளர் வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபையை ஒரு சட்டமுறையான ஆளாகவே படைத்திருக்கிறது. தவிசாளர் போவார், உறுப்பினர் மாறுவர், செயலாளர் இடமாற்றம் பெறுவார்; சபை தொடர்ந்து நிற்கும். தன் பெயரால் வழக்குத் தொடுக்கலாம். அதன் பெயரால் அதற்கெதிராகவும் வழக்குத் தொடுக்கலாம். 1939ஆம் ஆண்டு முதல் நகரசபைகளும், 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் மாநகரசபைகளும் இவ்வாறானவையே.

ஆகவே சபைக்காக மன்றிலே நிற்கும் சட்டத்தரணி தவிசாளரின் சட்டத்தரணி அல்லர். ஆளுங்கட்சியின் சட்டத்தரணியும் அல்லர். அவருடைய கட்சிக்காரர் அந்த நிலையான சபை. அந்தச் சபையின் பெட்டியிலே இருப்பது எவருடைய பணம்? நீங்கள் கட்டும் சோலைவரி, சந்தைக் குத்தகை, கடை அனுமதிப்பத்திரக் கட்டணம், பொதுத் திறைசேரியிலிருந்து வரும் மானியம் ஆகியவையே. சபை வழக்கிலே தோற்று நட்டஈடு கட்டினால் அது உங்கள் பணம். சபை வெல்ல வேண்டிய வழக்கிலே வெல்லாமல் விட்டாலும் இழப்பது உங்கள் பணம்.

பாடசாலையின் நிலை வேறு. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை எமது ஊர்ப் பள்ளிகளிற் பெரும்பாலானவை மிஷன்களின் கையிலோ சைவ நிறுவனங்களின் கையிலோ, அரசாங்க உதவி பெற்று நடந்தன. பள்ளிக்கு ஒரு முகாமையாளர் இருந்தார். கேள்வி கேட்க வேண்டியவர் யாரென்பது ஊருக்குத் தெரியும். இன்று அரசாங்கப் பாடசாலைக்குச் சபையைப் போன்ற தனிச் சட்ட ஆள்தன்மை இல்லை. வழக்கு வந்தால் அதிபரின் பெயரும், ஆசிரியரின் பெயரும், கல்வித் திணைக்கள அதிகாரிகளின் பெயர்களும், சட்டமா அதிபரின் பெயரும் அதில் இருக்கும். அரசுக்காகச் சட்டமா அதிபரின் திணைக்களம் தோன்றும். தம் பெயரில் தனியாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அதிபரும் ஆசிரியரும், தனியார் பாடசாலையின் நிருவாகிகளுமே எம்மைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள்.

ஒரு காலத்திலே அரசாங்க ஊழியரின் கவனயீனத்தால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்த ஊழியர்மீது வழக்கிடலாமேயன்றி அரசின்மீது வழக்கிட முடியாதிருந்தது. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமே அந்தச் சுவரை இடித்தது. அரசும் தன் ஊழியரின் தவறுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நியாயம் எமது நாட்டிலே அவ்வளவு பழையதன்று. அதனை நாம் மதிக்க வேண்டும்.

மூன்று வாசல்கள்

ஒரு பொது அமைப்புக்கு எதிராக நீதி கேட்டு வருபவர் மூன்று வாசல்களில் ஒன்றால் வருகிறார்.

முதல் வாசல் மாவட்ட நீதிமன்றம். “உங்கள் கவனயீனத்தால் எனக்கு நட்டம் வந்தது, ஈடு தாருங்கள்” என்பது அங்கு வழக்கு. இரண்டாம் வாசல் எழுத்தாணை. “உங்களுக்கு இல்லாத அதிகாரத்தைச் செலுத்தினீர்கள், அல்லது என்னைக் கேளாமலே தீர்மானித்தீர்கள்” என்பது அங்கு முறைப்பாடு. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்பின், மாகாண சபைக்குரிய விடயங்களிலே மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் உண்டு. உள்ளூராட்சி அத்தகைய விடயமாகையால், யாழ்ப்பாணத்து வழக்குக்காகக் கொழும்புக்கு இரயிலேற வேண்டிய தேவை பலருக்கு இன்று இல்லை. மூன்றாம் வாசல் உயர் நீதிமன்றம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாத காலத்துள் அங்கு மனுச் செய்ய வேண்டும்.

இம்மூன்று வாசல்களிலும் எதிர்ப்பக்கத்திலே நின்று பழகிய நாம் ஒன்றைச் சொல்லுவோம். சபைகள் பெரும்பாலும் தோற்பது கெட்ட எண்ணத்தால் அன்று. கேளாமற் செய்ததாலும் எழுதாமற் செய்ததாலுமே தோற்கின்றன.

1863ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தீர்க்கப்பட்ட ஒரு வழக்கை எல்லாச் சட்ட மாணவரும் படிக்கின்றனர். இலண்டனை அடுத்த வான்ட்ஸ்வேர்த் என்னும் பகுதியிலே கூப்பர் என்பவர் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வீடு கட்டத் தொடங்குமுன் ஏழு நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடாவிடின் கட்டடத்தை இடிக்கலாம் என்ற அதிகாரமும் அப்பகுதிச் சபைக்கு இருந்தது. முறையான அறிவித்தல் கிடைக்கவில்லை என்று கருதிய சபை, தன் ஆட்களை அனுப்பி, இரண்டாம் மாடிவரை எழும்பிய வீட்டை இடித்துவிட்டது. கூப்பர் வழக்கிட்டார், சபை தோற்றது. இடிக்கும் அதிகாரம் இல்லையென்று நீதிபதிகள் கூறவில்லை. இடிக்குமுன் அந்த மனிதனை அழைத்து, “உன் பக்கத்து நியாயம் யாது?” என்று கேட்டிருக்க வேண்டும், சட்டத்திலே அவ்வாறு எழுதப்படாவிட்டாலும் கேட்டிருக்க வேண்டும் என்றனர். ஒரு கேள்வி கேட்க மறந்த குற்றத்துக்காகச் சபை நட்டஈடு கட்டியது.

நூற்றறுபது ஆண்டுகள் சென்றபின்னும், எமது ஒழுங்கைகளிலே இதே வழக்கு மீண்டும் மீண்டும் பிறக்கிறது. அனுமதியின்றிக் கட்டிய மதிலை அகற்ற 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வழி காட்டுகிறது. நீதவான் முன் சென்று கட்டளை பெறலாம். அந்த வழியை விட்டு, தேர்தலிலே எதிராக வேலை செய்தவனின் மதில் என்று தெரிந்ததும் இயந்திரத்தை அனுப்பிவிட்டுப் பின்பு எம்மிடம் ஓடிவருபவர்கள் உண்டு. அவர்களிடம் நாம் கேட்பது மூன்று கடதாசிகள்: அறிவித்தல் எங்கே? நில அளவை எங்கே? சபைத் தீர்மானம் எழுதிய கூட்டறிக்கை எங்கே? மூன்றும் இருந்தால் சட்டத்தரணி பேச வேண்டிய தேவையே குறைவு. மூன்றும் இல்லையென்றால் எந்தச் சட்டத்தரணியின் நாவன்மையும் பயன்படாது.

நாம் வென்ற ஒரு வழக்கு

இனி, நாம் பெருமைப்படாத ஒரு வெற்றியைச் சொல்ல வேண்டும். நாம் இளம் சட்டத்தரணியாக இருந்தபோது நடந்தது. ஊரையும் சபையையும் பெயர் சொல்லோம்.

ஒரு சபை மதகு போடுவதற்காகத் தெருவைக் குறுக்கே வெட்டியது. சீமெந்து வரத் தாமதம், வேலை நின்றது. வெட்டிய கிடங்கு அப்படியே கிடந்தது. குறுக்கே ஒரு தடி இல்லை. இரவிலே ஒரு விளக்கு இல்லை. விடியுமுன் வெங்காயப் பிடிகளைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு சந்தைக்குப் போன ஒரு கமக்காரர் அதற்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அந்தப் போகம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆளில்லாமற் போயிற்று.

எழுந்து நடக்க முடிந்ததும் அவர் தடியூன்றிக்கொண்டு சபைக் கந்தோருக்கு வந்தார். “பார்ப்போம்” என்றார்கள். மறுபடி வந்தார். “தவிசாளர் இல்லை” என்றார்கள். “அடுத்த கூட்டத்திலே வைப்போம்” என்றார்கள். அவர் நம்பினார். கூட்டங்கள் நடந்தன, அவருடைய பெயர் எந்தக் கூட்டறிக்கையிலும் ஏறவில்லை. பின்பு எவரோ சொல்லி அவர் ஒரு சட்டத்தரணி மூலம் அறிவித்தற் கடிதம் அனுப்பினார். அதற்கும் பதில் இல்லை. வழக்கு வந்தது.

கோவை எம் கைக்கு வந்தபோது நாம் முதலிலே பார்த்தது திகதிகளை. பிரதேச சபைக்கு எதிராக வழக்கிடுபவர் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். வழக்குக்குரிய காரணம் தோன்றி ஆறு மாதத்துள் வழக்கைத் தொடுக்க வேண்டும். அவர் சில நாட்கள் பிந்திவிட்டார். நாம் அந்த ஆட்சேபத்தை எழுப்பினோம். நீதிபதி சட்டத்தின்படி வழக்கைத் தள்ளினார். சபைக்கு வெற்றி.

மன்றின் விறாந்தையிலே அந்த மனிதர் எம்மிடம் வந்தார். கோபம் இல்லை. “தம்பி, நான் விழுந்த கிடங்கு பொய்யே?” என்று கேட்டார். “இல்லை ஐயா, காலம் கடந்து போச்சு” என்றோம். அவர் சற்று நேரம் எம்மைப் பார்த்துவிட்டு, “நான் உங்கடை கந்தோருக்கு வந்து திரிஞ்ச நாளுகளையும் சேத்தே எண்ணினனீங்கள்?” என்றார்.

பெரியோர்களே, அந்தக் கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எமக்கு விடை கிடைக்கவில்லை.

பிறகு சபையிடம் சென்று, கருணை அடிப்படையில் ஏதாவது கொடுக்க முடியுமா என்று கேட்டோம். உறுப்பினர் தயங்கினர். நீதிமன்றமே இல்லை என்று சொன்ன கடனுக்குப் பொதுப்பணத்தைக் கொடுத்தால் கணக்காய்விலே கேள்வி வரும். தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவரிடமே அப்பணத்தை அறவிட நேரும் என்று அஞ்சினர். அந்த அச்சம் ஆதாரமற்றதென்று எம்மாற் சொல்ல முடியவில்லை. அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

அந்த ஒரு மாதம் எதற்கு?

இக்கதையைச் சொல்லிச் சட்டத்தைக் குறைகூற நாம் வரவில்லை. கால எல்லை வேண்டியதே. பத்து ஆண்டுக்கு முன் விழுந்தேன் என்று ஒருவர் இன்று வந்தால், கிடங்கும் இராது, சாட்சியும் இராது. பொதுப்பணம் பொய்க்குப் போய்ச் சேரும். அந்த ஆட்சேபம் சபைக்குரிய நியாயமான கவசம். அதனை எழுப்பாமல் விட எமக்கும் உரிமை இல்லை. ஏனெனில் அது எம்முடைய பணமன்று.

ஆனால் அறிவித்தலுக்குரிய அந்த ஒரு மாதத்தைச் சட்டம் ஏன் வைத்தது? வழக்காளியைப் பொறியிலே விழுத்துவதற்கன்று. கடிதம் கிடைத்ததும் சபை போய்ப் பார்க்கட்டும், விசாரிக்கட்டும், தவறு தனது என்று கண்டால் வழக்குக்கு முன்பே தகுந்த ஈட்டைக் கொடுக்க முன்வரட்டும் என்பதற்காக. அவ்வாறு தகுந்த ஈட்டைக் கொடுக்க முன்வந்த சபையைச் சட்டமே பாதுகாக்கிறது. ஆகவே அந்த மாதம் சபைக்குக் கொடுத்த தூக்கமன்று. சபைக்குக் கொடுத்த வேலை. எமது கமக்காரரின் வழக்கிலே அந்த வேலையை எவரும் செய்யவில்லை. கிடங்கருகே போய் நின்று பார்த்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. நாமும் கோவையைப் பார்த்தோமே ஒழியத் தெருவைப் பார்க்கவில்லை.

அன்று முதல் நாம் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டோம். எந்தச் சபை எம்மை அழைத்தாலும், அறிவித்தற் கடிதம் வந்த வாரத்திலேயே எமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எமது முதல் நிபந்தனை. இடத்தைப் போய்ப் பார்ப்போம். தவறு சபையினது என்றால், “கொடுங்கள், இன்றைக்குக் கொடுத்தால் குறையும், சட்டப்படியும் கொடுக்கலாம்” என்று எழுத்திலே ஆலோசனை கொடுப்போம். அந்த எழுத்து கணக்காய்வாளரின் முன்னும் உறுப்பினருக்குத் துணை நிற்கும். தவறு சபையினது அன்று என்றால், கடைசிவரை வாதாடுவோம். எமது தொழிலிலே பாதி, வழக்குத் தொடங்குமுன் கட்சிக்காரருக்கு “இல்லை” என்று சொல்லுவது. அதைச் சொல்லத் தெரியாத சட்டத்தரணி சபைக்குப் பாரம்.

பாடசாலை வாசலிலே

பாடசாலைகளுக்கு வருவோம். இங்கே பல அதிபர்கள் இருக்கிறீர்கள். உங்கள் மனத்திலே உள்ள அச்சத்தை நாம் அறிவோம். பிள்ளையைத் தொட்டாலும் வழக்கு, தொடாவிட்டாலும் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்ற பழி என்கிறீர்கள்.

2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தென்னிலங்கைப் பாடசாலை ஒன்றிலே ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் கெட்டது. அது ஒழுக்கம் கற்பித்தல் அன்று. கொடூரமான, இழிவான நடத்தையிலிருந்து எவரையும் காக்கும் 11ஆம் உறுப்புரையின் மீறல் என்று மன்று தீர்த்தது. அரசும் ஈடு கட்ட நேர்ந்தது. ஆசிரியரும் தனிப்பட ஈடு கட்ட நேர்ந்தது. உடற்றண்டனை கூடாதென்ற சுற்றறிக்கைகள் அதற்கு முன்பே கல்வி அமைச்சினால் வெளியிடப்பட்டிருந்தன. ஆகவே “எமது காலத்திலே அடி வாங்கித்தானே படித்தோம்” என்ற வாதம் இனி மன்றிலே செல்லாது. எம்மிடமும் அதைக் கொண்டுவர வேண்டாம்.

ஓர் இரவு ஒரு பள்ளியின் அதிபர் எம் வீட்டுக்கு வந்தார். ஆசிரியர் ஒருவர் ஒரு பிள்ளையைக் கையோங்கிவிட்டார், பிள்ளைக்குக் காயம். அதிபரின் கையிலே பாடசாலையின் சம்பவப் பதிவேடு இருந்தது. முந்திய வாரத் திகதியிட்டு, அந்தப் பிள்ளை குழப்பக்காரன் என்று ஒரு குறிப்பு எழுதிவிடலாமா என்று கேட்டார். அவர் கெட்டவரல்லர். தமது ஆசிரியரையும் தமது பள்ளியின் பெயரையும் காக்க வேண்டுமென்ற தவிப்பு.

நாம் சொன்னோம்: “ஐயா, இன்று உங்கள் பள்ளியிலே நடந்தது ஓர் ஆசிரியரின் தவறு. இந்தப் பேனையைத் திறந்தால் அது பள்ளியின் பொய் ஆகிவிடும். தவறு செய்தவருக்காக நாம் மன்றிலே நிற்கலாம். அவருக்கும் தம் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு. பொய் எழுதிய ஏட்டை நாம் மன்றிலே நீட்ட மாட்டோம்.” அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். மறுநாட் காலை, நடந்ததை நடந்தபடி எழுதி வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பினார். பின்பு பிள்ளையின் வீட்டுக்குச் சென்று தாயாரிடம் மன்னிப்புக் கேட்டார். விசாரணை அதன் வழியே நடந்தது, ஆசிரியர் ஒப்புக்கொண்டார், தண்டனை பெற்றார். அந்தத் தாய் வழக்குக்குப் போகவில்லை. போயிருந்தாலும் அது அவருடைய உரிமை. சமரசம் என்ற பெயரால் பிள்ளையின் வாயை அடைப்பது எமது வேலையன்று என்பதையும் இங்கு தெளிவாகச் சொல்லிவைக்கிறோம்.

உண்மை எழுதிய ஏடே ஆசிரியர்களையும் காக்கிறது. பொய்க் குற்றச்சாட்டுக்கு இலக்கான ஆசிரியர்களுக்காகவும் நாம் தோன்றியிருக்கிறோம். நாள்தோறும் நேர்மையாக எழுதிய பதிவேடுதான் அவர்களை மீட்டது. ஒருமுறை பொய் எழுதிய பள்ளியின் ஏட்டை, பின்பு உண்மை எழுதியிருக்கும்போதும் எவரும் நம்பார்.

காக்க வேண்டிய வழக்கும் உண்டு

நாம் பேசியதைக் கேட்டு, வழக்கிட்டவன் எல்லாம் நல்லவன், சபை எல்லாம் குற்றவாளி என்று எவரும் எண்ண வேண்டாம்.

ஓர் ஊரிலே பன்னிரண்டு அடி ஒழுங்கை ஒன்று ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கிக்கொண்டு வந்தது. வேலிக் கதியால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒரு சாண் தெருவுக்கு வந்தது. பின்பு கதியால் மதிலாயிற்று. மதிலுக்குரியவர் செல்வாக்குள்ளவர். ஒழுங்கையின் முடிவிலே இருந்தவர்கள் கூலிக்காரக் குடும்பங்கள். நோயாளியை ஏற்ற வண்டி உள்ளே போக முடியாத நிலை. சபை அறிவித்தல் கொடுத்தது, பழைய வரைபடத்தை எடுத்து அளந்தது, உரியவரை அழைத்துக் கேட்டது, பின்புதான் தீர்மானித்தது. அவர் எழுத்தாணை கேட்டு மன்றுக்குப் போனார். நாம் சபைக்காக நின்றோம். மூன்று கடதாசிகளும் இருந்தன. மனு தள்ளப்பட்டது. இன்று அந்த ஒழுங்கையிலே உழவு இயந்திரம் போகிறது.

சந்தையிலே எம்மைக் கேட்ட பெரியவருக்கு இதுவே எமது விடையின் முதற்பாதி. ஏழைக்குத் தனக்கென்று மதில் இல்லை. அவனுக்குரிய தெருவும் கிணறும் வாசிகசாலையும் பள்ளிக்கூடமும் பொதுச்சொத்து. அதனைக் காக்கச் சபை வழக்காடும்போது சபைக்காக நிற்பவர் மக்களுக்காகவே நிற்கிறார். விடையின் மறுபாதி: சபை மக்களுக்குத் தீங்கு செய்துவிட்டு ஒளிந்துகொள்ள இடம் தேடும்போது, அந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பவர் சபைக்கும் நண்பரல்லர்.

செய்ய வேண்டியவை

உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள். பேசியதையும் தீர்மானித்ததையும் கூட்டறிக்கையிலே எழுதுங்கள். எதிர்த்து வாக்களித்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்துக்கு முன் அவரை அழைத்துக் கேளுங்கள். அவர் உங்களுக்கு வாக்களியாதவராயின் இருமுறை கேளுங்கள். தெருவை வெட்டினால் மாலைக்குள் தடுப்பும் விளக்கும் வையுங்கள். ஒரு லாந்தரின் விலை ஒரு வழக்கின் விலையை விடக் குறைவு. அறிவித்தற் கடிதத்தை மேசை அறையிலே வைத்துப் பூட்டாதீர்கள். உங்கள் சொந்தப் பகைக்குச் சபையின் சட்டத்தரணியைக் கூப்பிடாதீர்கள்.

இனிக் கமக்காரப் பெருமக்களுக்கு. சபைக்காகத் தோன்றும் சட்டத்தரணி இதைச் சொல்லலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சொல்லியே தீருவோம். சபையால் உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால், வாயாற் கேட்டுக்கொண்டு கந்தோருக்குத் திரியாதீர்கள். எழுத்திலே கொடுங்கள், பதிவுத் தபாலிலே அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இடத்தைப் படம் பிடியுங்கள். வைத்தியசாலைத் துண்டை வைத்திருங்கள். நாளை எண்ணுங்கள், ஆறு மாதம் என்பது இரண்டு போகத்துக்குள் ஓடிவிடும். அடிப்படை உரிமை என்றால் ஒரு மாதமே. “பார்ப்போம்” என்ற சொல் காலத்தை நிறுத்தாது. சபை என்ன தீர்மானித்தது என்று அறிய விரும்பினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றை அறிந்த மக்கள் முன் சபை நேராக நடக்கும். நேராக நடக்கும் சபையைக் காப்பது எமக்கும் எளிது.

இறுதியாக ஒரு வார்த்தை. எம்மை நாமே ஆளும் உரிமையைப் பற்றி எமது மேடைகளிலே நெடுங்காலமாகப் பேசி வருகிறோம். இன்று எமது கையிலே உள்ள ஆட்சி ஓர் ஒழுங்கையின் அகலம், ஒரு மதகு, ஒரு சந்தை, ஒரு நூல்நிலையம். சிறிய ஆட்சிதான். ஆனால் இருட்டிலே வெட்டிய கிடங்கருகே ஒரு விளக்கு வைக்கத் தவறிய கைகள், பெரிய ஆட்சி வந்தாலும் அதனைச் செம்மையாக நடத்தும் என்று எவர் நம்புவார்? எமது உரிமைக்கு எமது சபைகளே முதற் சாட்சி. அந்தச் சாட்சி மன்றிலே ஏறும்போது தலைகுனியாமல் ஏற வேண்டும்.

தடியூன்றி வந்த அந்தக் கமக்காரர் இன்று உயிரோடு இல்லை. அவர் கேட்ட கேள்வி எம்மோடு இருக்கிறது. இனி எந்தச் சபையின் விறாந்தையிலும் எவரும் அக்கேள்வியைக் கேட்க நேராதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, எமது பொறுப்பு.